சம்பளக்காரன் லோன் போட்டு வாடகைக்கு விட ஃப்ளாட் வாங்கலாமா? டாக்ஸ் கணக்கு இடிக்குது

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 38, ஐடி வேலை, வருஷம் 18 லட்சம் சம்பளம், அதுல பேசிக் 9 லட்சம். சொந்த வீடு கிடையாது. வேளச்சேரில 25,000 வாடகைல இருக்கோம், பசங்க ஸ்கூல் பக்கத்துலேயே இருக்கு, அதனால இங்கருந்து நகர்ற ஐடியா இப்போதைக்கு இல்ல. மேடவாக்கத்துல ஒரு ரீசேல் ஃப்ளாட் வந்திருக்கு, ரெண்டு பெட்ரூம், 12 வருஷ பில்டிங், 65 லட்சம் சொல்றாங்க. உள்ள ஆள் குடியிருக்காங்க, 20,000 வாடகை, மெயின்டனன்ஸ் தனி. கையில 22 லட்சம் இருக்கு, 50 லட்சம் லோன் போடலாம்னு பார்க்கறேன்.

ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் "வாடகை பாதி இஎம்ஐய கட்டிடும், வட்டி முழுக்க டாக்ஸ்ல கழிச்சுக்கலாம், யோசிக்கவே யோசிக்காத"ங்கறார். என் மச்சான் "பைத்தியமா உனக்கு, எஃப்டில போட்டுட்டு நிம்மதியா தூங்கு"ங்கறான். ரெண்டு பேரும் கணக்கு போட்டு காட்ட மாட்டேங்கறாங்க, வாயாலதான் பேசறாங்க.

எனக்கு தெரியவேண்டியது என்னன்னா, கம்பெனில நியூ ரெஜிம் (கழிவும் கம்மி, ரேட்டும் கம்மியா இருக்கற புது வருமான வரி முறை) குடுத்திருக்கேன், இந்த வீடு வாங்கினா பழையதுக்கு மாறணுமா? நான் வாடகை வீட்டுல இருந்துகிட்டு ஹெச்ஆர்ஏ (வாடகைப்படி) கழிவும் வாங்கிட்டு, சொந்த ஃப்ளாட்டுக்கு வட்டியும் கழிக்கலாமா இல்ல ஏதாவது ஒண்ணுதானா? வீட்டம்மா பேர்ல வாங்கினா (அவங்க வேலைக்கு போகல) வாடகைக்கு வரியே வராதுன்னு ஒருத்தர் சொன்னார், நிஜமா? அப்புறம் ஓனர் 10 லட்சம் ரொக்கமா கேக்கறார், பத்திரத்துல 55 போட்டுக்கலாம், உங்களுக்கும் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு மிச்சம்ங்கறார். இது வழக்கம்தானா?


குரோம்பேட்டை பெரியவர்:

தம்பி, டாக்ஸ் அப்புறம். முதல்ல மாசக் கணக்கு பாருங்க. 50 லட்சம், 8 சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ 41,800 பக்கம் வரும். வாடகை 20,000. மாசாமாசம் கைலேருந்து 21,800 போகுது, அதுக்கு மேல வேளச்சேரி வாடகை 25,000 வேற கட்டணும். சம்பளம் தாங்கும்தான், ஆனா இது ஒரு மாசம் கூட வீடு காலியா இல்லாம இருந்தா வர்ற கணக்கு.

நான் ரெண்டு ஃப்ளாட்ட ரொம்ப வருஷமா வாடகைக்கு விட்டுட்டு இருக்கேன். ஆள் மாறும்போது என்ன ஆகும்னு சொல்றேன் கேளுங்க. காலி பண்ணிட்டு போனதும் சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டைய அடைக்கணும், பெயிண்ட், கீசர், குழாய் வாஷர், புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. அந்த மாச மெயின்டனன்ஸையும் நாமதான் அசோசியேஷனுக்கு கட்டணும். 12 வருஷ பில்டிங்னு சொல்றீங்க, பாத்ரூம் டைல்ஸ் இடுக்குல தண்ணி இறங்கி கீழ் வீட்டு சீலிங் உப்பி உதிர ஆரம்பிக்கற வயசு அது. கீழ் வீட்டுக்கு போயி சீலிங்க ஒரு தடவ பார்த்துட்டு வாங்க, ஓனர் சொல்லாதத அந்த சீலிங் சொல்லும். லிஃப்ட் மாத்தறது, டெரஸ் வாட்டர்ப்ரூஃபிங்னு அசோசியேஷன் கார்பஸ் (பெரிய செலவுக்கான பொது நிதி) கேக்கப்போறாங்களான்னு செகரட்டரிகிட்ட விசாரிங்க.

வருஷ வாடகை 2.4 லட்சம், விலை 65 லட்சம், 3.7 சதவீதம்தான் வருது, செலவு கழிச்சா 3 பக்கம். கட்டற வட்டியோ 8. இந்த இடைவெளிய அடைக்கறது விலை ஏற்றம் மட்டும்தான், அந்த ஏத்தம் மண்ணுக்குத்தான், சுவத்துக்கு இல்ல. அதனால யூடிஎஸ், அதாவது மனைல உங்க ஃப்ளாட்டுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவுன்னு கேட்டீங்களா? அத எழுதவே இல்லையே நீங்க.


ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா:

பெரியவர் மாசக் கணக்க முடிச்சிட்டார், நான் வரிக்கு வரேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

வாடகை வருமானத்துக்கு கணக்கு போடற விதம்: வருஷ வாடகை 2,40,000. அதுல அந்த வருஷம் நீங்க உண்மையா கட்டின சொத்து வரிய கழிக்கணும், 6,000னு வச்சுப்போம். மீதி 2,34,000ல 30 சதவீதம், 70,200, ரிப்பேர் பராமரிப்புன்னு சட்டமே கழிச்சு குடுத்துடும், நீங்க ஒரு ரூபாய் செலவு பண்ணலன்னாலும் 30, பாத்ரூம இடிச்சு கட்டினாலும் அதே 30, பில்ல பத்திரமா வச்சு பிரயோஜனம் இல்ல. இப்போ 1,63,800. இதுல லோன் வட்டி கழியும். உங்க லோனுக்கு முதல் வருஷ வட்டி சுமார் 3,96,000. ஆக 2,32,200 நஷ்டம்.

இந்த நஷ்டத்த வச்சு என்ன பண்றதுங்கறதுலதான் பழசும் புதுசும் பிரியுது. பழைய ரெஜிம்ல 2 லட்சம் வரைக்கும் சம்பளத்துல கழிக்கலாம், மீதி 32,200 எட்டு வருஷம் வரைக்கும் தூக்கிட்டு போயி வீட்டு வருமானத்துல மட்டும் கழிக்கலாம். "வட்டி முழுக்க கழிக்கலாம்"னு பக்கத்து சீட்டுக்காரர் சொல்றது 2017க்கு முன்னாடி இருந்த கதை, அப்புறம் 2 லட்சம் உச்சவரம்பு வந்துடுச்சு. புது ரெஜிம்ல வாடகைக்கு எதிரா வட்டி கழியும், ஆனா அந்த நஷ்டத்துல ஒரு பைசா கூட சம்பளத்து பக்கம் வராது.

அப்போ பழசுக்கு மாறலாமேன்னு தோணும். இருங்க, உங்க நம்பரையே போட்டு பார்த்தேன். புது ரெஜிம்: 18 லட்சத்துல 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக 17.25 லட்சம், இப்போ இருக்கற ஸ்லாப்ல செஸ்ஸோட 1,50,800 வரி. பழசு: 50,000 ஸ்டாண்டர்ட், 80சில (பிஎஃப், இன்சூரன்ஸ் மாதிரி சேமிப்புக்கான கழிவு) 1.5 லட்சம் ஃபுல்லா, மெடிக்ளைம் 25,000, வீட்டு நஷ்டம் 2 லட்சம், இதோட ஹெச்ஆர்ஏ 2.1 லட்சம் (வாடகை 3 லட்சத்துல பேசிக்ல 10 சதவீதம் 90,000 போக), எல்லாம் கழிச்சு 11.65 லட்சம், அதுக்கு வரி செஸ்ஸோட 1,68,480. அதாவது இவ்வளவு குட்டிக்கரணம் போட்டும் பழசுல 17,680 கூடத்தான் கட்டறீங்க. என்பிஎஸ் பென்ஷன் திட்டத்துல தனியா 50,000 போட்டா கூட 1,52,880, அப்பவும் புதுசுதான் கம்மி. அதனால மாறவே வேண்டாம். வட்டியால உங்களுக்கு நிஜமா கிடைக்கறது என்னன்னா, வர்ற வாடகைக்கு வரி இல்ல. அவ்வளவுதான். வருஷம் 5 சதவீதம் வாடகை ஏறினா கூட ஒரு பத்து வருஷம் வரைக்கும் வட்டி வாடகைய முழுங்கிடும், அதுக்கப்புறம்தான் வரி தலைகாட்டும். நடுவுல மொத்தமா ப்ரீபே பண்ணா அது இன்னும் சீக்கிரம் வரும், அதுக்காக ப்ரீபே பண்ணாம இருக்காதீங்க, வரிய மிச்சம் பிடிக்கறேன்னு பேங்குக்கு வட்டி கட்டறது எந்த ஊர் கணக்கு.

ஹெச்ஆர்ஏவும் வட்டியும் ஒண்ணா எடுக்கலாமான்னா, பழைய ரெஜிம்ல தாராளமா எடுக்கலாம். நீங்க இருக்கறது நிஜமாவே வாடகை வீடு, உங்களோடத நிஜமாவே வாடகைக்கு விட்டிருக்கீங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. உங்க கேஸ்ல தேவைப்படல, அவ்வளவுதான்.

வீட்டம்மா பேரு விஷயம், பத்திரம் அவங்க பேர்ல இருந்தாலும் காசு உங்களோடதுன்னா சட்டம் உங்களத்தான் ஓனரா பார்க்கும், வாடகை உங்க வருமானத்துலதான் சேரும். அவங்களுக்கு சொந்தமா வருமானமோ, அப்பா வீட்டுலேருந்து வந்த பணமோ இருந்து அத போட்டிருந்தா அந்த பங்குக்கு மட்டும் அவங்க கணக்கு. பாதுகாப்புக்காக ரெண்டு பேரும் ஜாயிண்ட்டா வாங்குங்க, நல்ல விஷயம், ஆனா வரிக்காகன்னு நினைச்சு வாங்காதீங்க.

ஏப்ரல் 2026லேருந்து புது வருமான வரிச் சட்டம், செக்‌ஷன் நம்பரெல்லாம் வேற, இந்த வீட்டுக் கணக்கு முறை மாறல.


மடிப்பாக்கம் மாமி:

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்தி விட்டுட்டீங்க அந்த புள்ளைய. எஃப்டில போட்டா வட்டிக்கு வருஷாவருஷம் அவர் ஸ்லாப்ல வரி போகுது, அத யாரும் சொல்லலையே. இஎம்ஐ 20 வருஷம் ஏறாது, வட்டி ரேட்டு மாறினா கொஞ்சம் மேல கீழ போகும், ஆனா வாடகை ஏறிட்டேதான் இருக்கும். நாங்க வாங்கினப்போவும் இதே பேச்சுதான் பேசினாங்க, இன்னிக்கு லோன் முடிஞ்சு வாடகை முழுசா கைக்கு வருது. எஸ்ஐபின்னு மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல போட ஆரம்பிச்சு மார்க்கெட் விழுந்ததும் நிறுத்தற ஜனங்க எத்தன பேரு, இஎம்ஐய யாரும் அப்படி நிறுத்த முடியாதே, அதுவே ஒரு லாபம்தான்.

ஆனா ரொக்கம் கேக்கற ஓனர்கிட்ட மாட்டாதீங்கோ, அது மட்டும் வேண்டாம்.


லோன் செக்‌ஷன் ஆசாமி:

மாமி சொன்ன ரொக்கத்துலேருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல உங்க திட்டமே படுத்துடும். 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான லோனுக்கு சொத்து மதிப்புல 80 சதவீதம்தான் குடுக்கலாம்னு ரிசர்வ் பேங்க் விதி. பத்திரத்துல 65ன்னா 80 சதவீதம் 52 லட்சம், நீங்க கேக்கற 50 அடங்கிடும். பத்திரத்துல 55ன்னா 44 லட்சத்துக்கு மேல நகராது. ஸ்டாம்ப் ட்யூட்டி ரிஜிஸ்ட்ரேஷன் செலவெல்லாம் அந்த மதிப்புல சேர்க்க மாட்டோம், அது உங்க கைக்காசு.

இப்போ கூட்டிப்பாருங்க. நேர்மையா 65க்கு வாங்கினா உங்க பங்கு 15 லட்சம், 9 சதவீதம் பத்திரச் செலவு 5.85 லட்சம், மொத்தம் 20.85, கைல 22 இருக்கு, மிச்சம் 1.15 லட்சத்துல எம்ஓடி (பத்திரத்த பேங்க்ல அடமானம் வச்சத பதியற செலவு), லீகல் ஒப்பீனியன், ப்ராசசிங் ஃபீஸ் எல்லாம் இழுத்துப் பிடிச்சு முடியும், புரோக்கர் இருந்தா அதுவும் பத்தாது. ஓனர் சொல்ற வழில போனா பத்திரச் செலவுல 90,000 மிச்சம், ஆனா கைலேருந்து போட வேண்டியது 21 லட்சமும் 4.95 லட்சமும், கிட்டத்தட்ட 26 லட்சம். இல்லாத 4 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடுவீங்களா?

இன்னொண்ணு, விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா ஓனருக்கு குடுக்கற பணத்துல 1 சதவீதம் டிடிஎஸ் (ஓனரோட வரிக்கு முன்கூட்டியே பிடிக்கறது) பிடிச்சு நீங்கதான் கட்டணும், உங்க கேஸ்ல 65,000. பேங்க் செக்க முழுசா ஓனர் பேருக்கு போட்டுடுவாங்க, அதனால உங்க பங்குலேருந்து குடுக்கும்போதே மொத்த விலைக்கும் சேர்த்து 1 சதவீதத்த நிறுத்தி வச்சுக்கங்க, கடைசி நாள் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல நின்னு சண்ட போடற ஆளுங்கள தினம் பார்க்கறேன். ஓனர் வெளிநாட்டுல இருக்கறவர்னா இந்த 1 சதவீதம் பொருந்தாது, பிடிக்க வேண்டிய தொகை ரொம்ப பெருசு, அத முதல்லயே கேட்டு தெரிஞ்சுக்கங்க.

வட்டி பத்தி, பேங்க்ல எடுத்தா ரெப்போவோட (ரிசர்வ் பேங்க் பேங்குகளுக்கு கடன் குடுக்கற வட்டி) கட்டின ரேட்டு, 2019 அக்டோபர்லேருந்து அப்படித்தான். 2025 பிப்ரவரில ரெப்போ 6.5லேருந்து இறங்க ஆரம்பிச்சு ஜூன்ல 5.5க்கு வந்தப்போ பேங்க் லோன் வச்சிருந்தவங்களுக்கு சீக்கிரமே குறைஞ்சுது. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு அந்த கட்டாயம் இல்ல, அவங்க சொந்த ரேட்ட வச்சு ஓட்டுவாங்க, சாங்‌ஷன் சுலபம்ங்கறதுக்காக அங்க போயிட்டு அப்புறம் பேங்குக்கு மாத்த அலையறவங்க நிறைய. தனி நபர் ஃப்ளோட்டிங் லோனுக்கு ப்ரீபேமெண்ட் சார்ஜ் கிடையாது. லோனோட ஒரு இன்சூரன்ஸ ஒட்டி குடுப்பாங்க, கட்டாயம் மாதிரி பேசுவாங்க, கட்டாயம் இல்ல. அதையும் லோன்லயே சேர்த்துட்டா 20 வருஷம் அதுக்கும் வட்டி. டேர்ம் பாலிசிய வெளில தனியா எடுத்துக்கங்க, கண்டிப்பா எடுத்துக்கங்க. (நான் பேங்க்ல இருக்கேன், இத சொன்னேன்னு எங்க மேனேஜருக்கு தெரிய வேண்டாம்.)


துபாய் தம்பி:

இடைல பூந்து கேக்கறேன் மன்னிக்கணும். நான் துபாய்ல இருக்கேன், பெருங்குடில ஒரு ஃப்ளாட் 28,000 வாடகைக்கு விட்டிருக்கேன். குடியிருக்கறவர் திடீர்னு டிடிஎஸ் பிடிக்கணும்ங்கறார், 50,000க்கு கீழ வாடகைன்னா தேவை இல்லன்னு படிச்சேனே?


ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா:

துபாய் தம்பி, அந்த 50,000 கணக்கு ஓனர் இந்தியாவுல இருந்தாதான். மாசம் 50,000க்கு மேல வாடகை குடுக்கற தனி நபர் 2 சதவீதம் பிடிக்கணும், முன்னாடி 5 இருந்தது 2024 அக்டோபர்ல 2 ஆச்சு. ஓனர் என்ஆர்ஐன்னா குறைஞ்சபட்ச தொகைன்னே ஒண்ணு கிடையாது, 28,000 ஆனாலும் 8,000 ஆனாலும் 30 சதவீதமும் செஸ்ஸும், 31.2 பிடிக்கணும். உங்க குடித்தனக்காரர் சட்டம் தெரிஞ்சவர், அவர விட்டுடாதீங்க.

பயப்பட வேண்டாம், பிடிச்சது வரிக்கு முன்பணம்தான். 28,000 வருஷத்துக்கு 3.36 லட்சம், 30 சதவீதம் போனா 2.35 லட்சம், இந்தியாவுல வேற வருமானம் இல்லன்னா புது ரெஜிம்ல 4 லட்சம் வரைக்கும் வரி இல்லாத ஸ்லாப் உங்களுக்கும் உண்டு, ரிட்டர்ன் போட்டா பிடிச்சது திரும்ப வந்துடும். 12 லட்சம் வரைக்கும் வரி இல்லங்கற ரிபேட்ட மட்டும் என்ஆர்ஐக்கு எதிர்பார்க்காதீங்க, அது ரெசிடென்ட்டுக்குத்தான். வருஷாவருஷம் ரீஃபண்டுக்கு காத்திருக்க முடியாதுன்னா, கம்மியா பிடிக்கச் சொல்லி டிபார்ட்மெண்ட்டுலேருந்து சர்டிபிகேட் வாங்கி குடித்தனக்காரர்கிட்ட குடுத்துடலாம். வாடகை என்ஆர்ஓ அக்கவுண்டுக்கு (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்த போடற அக்கவுண்ட்) வரட்டும்.

வேளச்சேரிவாசி, ரொக்கம் விஷயத்துல வரி பக்கத்தையும் சொல்லிடறேன். சொத்து விக்கறவர் 20,000 அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினாலே தப்பு, வாங்கின அளவுக்கே அபராதம் போட வழி இருக்கு. அது அவர் தலைவலின்னு விட்டாலும், பின்னாடி நீங்க விக்கும்போது உங்க வாங்கின விலை 55தான், அந்த 10 லட்சம் உங்க லாபமா மாறி அதுக்கு நீங்க வரி கட்டுவீங்க.

விக்கற வரி இப்போ எப்படின்னா, ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் (விலைவாசிக்கு தகுந்தபடி வாங்கின விலைய ஏத்திக்கறது) கிடையாது. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு பழைய 20 சதவீதம் இண்டெக்சேஷனோட ஒப்பிட்டு எது கம்மியோ அத கட்ற சலுகை இருக்கு, மாமிக்கு அது உண்டு, உங்களுக்கு இல்ல. உங்க அடக்கம் பத்திரச் செலவோட 70.85 லட்சம். பத்து வருஷத்துல 1.10 கோடிக்கு வித்தா லாபம் 39 லட்சம், வரி செஸ்ஸோட 5 லட்சத்துக்கு கொஞ்சம் மேல. கேக்க 1.10 கோடி பெருசா இருக்கும், ஆனா வருஷத்துக்கு நாலரை சதவீதம்தான் ஏறியிருக்கு. வித்த லாபத்த இன்னொரு வீட்டுல போட்டா வரி விலக்கு உண்டு, அது புது ரெஜிம்லயும் இருக்கு. வாடகை கணக்குல ஏற்கனவே கழிச்ச வட்டிய விக்கும்போது அடக்கத்துல மறுபடி சேர்க்க முடியாது, 2023 பட்ஜெட்ல அந்த கதவ சாத்திட்டாங்க.


வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. 26 லட்சம் கணக்க பார்த்ததும்தான் ரொக்கம் எவ்வளவு வினைன்னு புரிஞ்சுது, ஓனர்கிட்ட முழு தொகையும் பேங்க் மூலமாதான்னு சொல்லிட்டேன், முறைச்சுட்டு இருக்கார். பெரியவரே, யூடிஎஸ் கேட்டேன், 950 சதுர அடி ஃப்ளாட்டுக்கு 410 சதுர அடிங்கறார். கீழ் வீட்டுல போயி பார்த்தேன், பாத்ரூம் சீலிங்ல மஞ்சளா ஒரு திட்டு இருக்கு. மாமி, நீங்க சொல்றது மனசுக்கு பிடிச்சிருக்கு, ஆனா மாசம் 21,800ங்கறது உதைக்குது. 58 வரைக்கும் இறங்கினா வாங்கலாமா?

இன்னொரு கேள்வி, இப்போ குடியிருக்கறவர் ஓனர்கிட்ட 1.5 லட்சம் அட்வான்ஸ் குடுத்திருக்காராம். அத நான் வாங்கிக்கணுமா, அது வருமானமா?


குரோம்பேட்டை பெரியவர்:

410 பரவால்ல, ஆனா வாய்ல சொன்னத நம்பாதீங்க, பத்திரத்துல பாருங்க. மஞ்சத் திட்டுக்கு ஒரு ஒண்ணரை லட்சம் விலைல குறைங்க, பாத்ரூம் தரைய பேர்த்து போடற செலவு அது, கீழ் வீட்டுக்காரன் இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு உங்க கதவத்தான் தட்டுவான்.

58க்கு வந்தா லோன 40க்குள்ள முடிக்கப் பாருங்க, அவசரப்படாம இன்னும் ஒரு வருஷம் சேர்த்துட்டு கூட வாங்கலாம், மேடவாக்கத்துல ஃப்ளாட்டுக்கா பஞ்சம். 40 லட்சத்துக்கு இஎம்ஐ 33,500 பக்கம், வாடகை போக 13,500, அது மூச்சு விடற மாதிரி இருக்கும்.

அட்வான்ஸ் திருப்பிக் குடுக்க வேண்டிய பணம், வருமானம் ஆகாது. விலைல கழிச்சுடலாம்னு ஓனர் சொல்லுவார், அப்படி செய்யாம அவரையே குடித்தனக்காரருக்கு திருப்பிக் குடுக்க வச்சு, உங்க பேர்ல புதுசா அட்வான்ஸ் வாங்கி புது அக்ரிமெண்ட் போட்டுக்கங்க. தமிழ்நாட்டு புது வாடகை சட்டம் 2019லேருந்து அமல்ல இருக்கு, அக்ரிமெண்ட்ட வாடகை அதிகாரிகிட்ட ஆன்லைன்ல பதியணும், 11 மாசம்னு பத்திரத் தாள்ல எழுதி பீரோல வச்சா பத்தாது. வாங்கின அட்வான்ஸ தனி எஃப்டில போட்டு வைங்க, எடுத்து செலவு பண்ணிட்டா அவர் காலி பண்ற அன்னிக்கு ஓடணும்.


லோன் செக்‌ஷன் ஆசாமி:

வீடு வாங்க ஓனருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், சிஎம்டிஏ (சென்னை பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பிளான், கம்ப்ளீஷன் சர்டிபிகேட், சொத்து வரி ரசீது, இபி கார்டு எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் வாங்கி உங்க பேங்க் பேனல் வக்கீல்கிட்ட காட்டிடுங்க. பிளான்ல இருக்கற மாடிக்கு மேல ஒரு மாடி எழுப்பியிருந்தா, நீங்க வாங்கற வீடு அந்த மாடில இல்லன்னாலும் சில பேங்க்ல ஃபைல் திரும்பி வந்துடும். ஓனர் பேர்லயே பழைய லோன் இருக்கான்னும் கேளுங்க, இருந்தா ஒரிஜினல் பத்திரம் அந்த பேங்க்ல இருக்கும், உங்க பேங்க் முதல் செக்க அங்கதான் போடும், அதுக்கு தகுந்த மாதிரி சேல் அக்ரிமெண்ட்ல நாள் எழுதிக்கங்க, 45 நாள் பத்தாது, 90 போடுங்க.